இருவருக்கும் நடுவே விழுந்த பந்து

என்னைப் பெண் பார்த்த இடம் ஒரு பூப்பந்து மைதானம். பஜ்ஜி, சொஜ்ஜி, பட்டுப்புடவை எதுவும் கிடையாது. கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டியில், முட்டிக்காலெல்லாம் செம்மண்ணாக, பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். அதையும் சொன்னேன். அடுத்ததாக "என்ன கூட்டமுங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலப்பிரிவு, ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அதனால் கூட்டத்தைக் கேட்டால் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் கூட்டம் வேறு, எங்கள் கூட்டம் வேறு. அந்த வருடமே அவருடைய தம்பிக்கு என்னைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கையும் மதுக்கரையிலேயேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். என் கணவர், நங்கையின் கணவர் இருவருக்கும் சிமெண்ட் ஆலையில் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்யாணமான பெண்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவதை ஊர் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். ஆனால் நங்கை பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆடுகிறவர், மதுக்கரைப் பெண்கள் அணிக்குக் கேப்டன், அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் நிழலில் நானும் போய்க்கொண்டிருந்தேன். அவர்தானே என்னைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர். தம்பிக்குப் பெண் தேடினாரா, தன் அணிக்குப் பின்வரிசை ஆள் தேடினாரா என்று கேட்டு என் கணவர் அவரைச் சீண்டுவார். "ரெண்டும் ஒண்ணுதேன் போடா" என்பார் நங்கை.

ஆனால் எனக்குக் கிடைத்தது கெடு வைத்த அனுமதி. மாமனார் நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்: "அம்மணி, இந்த வருசமும் ஆடிப் பாரு. மாவட்ட டீமுக்கு எடுத்தாங்கன்னா மேல ஆடலாம். இல்லாட்டி இத்தோட போதும்னு வெச்சுக்கலாம், என்ன?" அவர் அதட்டியிருந்தால் நானும் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன். அந்த "என்ன?"வுக்கு நான் எங்கே போக? சரிங்க மாமா என்றேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பூப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த சின்னப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர்: முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். பந்து தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. பின்வரிசையில் இடது பக்கம் நான், வலது பக்கம் நங்கை. நான் வலக்கைக்காரி. ஆகவே எங்கள் இருவருக்கும் நடுவே வரும் பந்து எனக்கு நேர்கைக்கு வசமாக வரும், நங்கைக்கோ கையைத் திருப்பித்தான் அடிக்க வேண்டியிருக்கும். நியாயப்படியும் வழக்கப்படியும் அது என் பந்து.

அந்தப் பந்துதான் எங்கள் சாபக்கேடு. மற்ற எதையும் எடுப்போம். கோட்டோரமாகப் போவதை விழுந்து புரண்டு எடுப்போம், முகத்துக்கு நேராக வருவதைத் தட்டிவிடுவோம். நடுவில் வருவது மட்டும் இருவருக்கும் மத்தியில் சாவகாசமாக வந்து தரையில் உட்காரும். இருவரும் குனிந்து அதையே பார்ப்போம். "பரவால்ல அம்மணி" என்பார் நங்கை. "இல்லீங்க நங்கை, எம்மேலதாங்க தப்பு" என்பேன் நான். எதிரணிக்காரிகள் சும்மா இருப்பார்களா? "விருந்துக்கு வந்தவீங்க மாதிரி நீங்க மொதல்ல, நீங்க மொதல்லங்கறாங்க பாருடி" என்று சிரிப்பார்கள். பிறகு எல்லா சர்வீஸையும் அங்கேயே போடுவார்கள். இரண்டு போட்டிகளில் தோற்றது அப்படித்தான்.

நாங்கள் காற்றின்மேல் பழி போட்டோம். மதுக்கரையில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். கம்பளிப் பந்து எம்மாத்திரம்? அணியில் மற்ற மூன்று பேரும் அப்படியே நம்பினார்கள். நானும் நம்பினேன், அல்லது நம்ப ஆசைப்பட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரர் வந்தார். உடற்கல்விக் கல்லூரி ஒன்றில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்த இளைஞர். விளையாடுகிறவர்களின் பார்வைக் கவனம் என்று ஏதோ தலைப்பு. நாங்கள் அவரைச் சார் என்போம், அவர் எங்களை அக்கா என்பார். சைக்கிள் கேரியரில் பெரிய அட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவார். அதில் கட்டம் கட்டமாகப் போட்டு, எண்களைத் தாறுமாறாகக் கலைத்து எழுதியிருக்கும். அவர் சொன்ன எண்ணிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். அவர் கையில் ஸ்டாப் வாட்சோடு நிற்பார். "கண்ணு பாக்கறது வேறைங்க அக்கா, கவனம் பாக்கறது வேறைங்க. கண்ணு ஒரு எடத்துல இருக்கும், கவனம் வேற எங்கயாச்சும் போயிருக்கும். அதைப் புடிச்சுக் கொண்டாந்து ஒரே எடத்துல கட்டோணும். அதுக்குத்தானுங்க இந்தப் பயிற்சி" என்று விளக்குவார். கன்றுக்குட்டியைக் கட்டுவது மாதிரி அவர் சொன்னது எங்களுக்குப் பிடித்திருந்தது.

அட்டையில் நான்தான் முதல். கூட்டுக்குடும்பத்தில், ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் சண்டை, நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள் நான். எண் தேடுவதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா? ஆராய்ச்சிக்காரர் குழம்பிப்போனார். "அட்டையில இப்படிப் பண்றீங்க, ஆட்டத்துல ஏனுங்க அக்கா அந்த ஒரு பந்தை மட்டும் உட்டுப்போடறீங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அட்டையில காத்தடிக்கலீங்களே சார்" என்றேன். அவர் பாவம், அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டார்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்டத்தை வீடியோ எடுத்துப் பார்த்தால் பந்து எந்தக் கோணத்தில் வருகிறது, நாங்கள் எப்போது நகர்கிறோம் என்று தெரிந்துவிடும். கேமராவுக்கு எங்கே போவது? கோட்டைமேட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் ஒருவர் அவருக்குப் பழக்கம். சாதி, மதம் பார்க்காமல் எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வீடியோ எடுப்பவர். அன்று காலை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு முகூர்த்தம் முடித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே எங்கள் மைதானத்துக்கு வந்தார். எதிரணிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கேமராவைத் தோளில் வைத்தார். "யாரும் என்னையப் பாக்காதீங்கம்மா, நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார். மணப்பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பழக்கம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் வீட்டுக் கூடத்தில், வாடகைக்கு எடுத்த டெக்கில் அந்தக் கேசட்டைப் போட்டோம். அணியில் எல்லாரும் வந்திருந்தார்கள். பாயும் வந்திருந்தார். மாமியார் நிலக்கடலை வேகவைத்துத் தட்டில் கொட்டி நடுவில் வைத்தார். படம் ஓட ஆரம்பித்தது. முதலில் நங்கையின் முகம். பிறகு என் முகம். பிறகு நங்கையின் ஜிமிக்கி மட்டும் பெரிதாக. பிறகு மறுபடியும் என் முகம். நாங்கள் எல்லாரும் எங்கேயோ அண்ணாந்து பார்க்கிறோம், ஓடுகிறோம், கத்துகிறோம். பந்தைத்தான் காணோம்.

ஆராய்ச்சிக்காரருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "பாய், பந்து எங்கீங்க பாய்?" என்றார்.

"பந்த எவன் தம்பி போட்டுப் பாப்பான்? நாளைக்குக் குடும்பத்துல மூஞ்சியத்தான் கேப்பாங்க" என்றார் பாய், கடலையை உரித்தபடி. ஒரு சங்கடமும் இல்லை அவருக்கு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நங்கை மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்சம் நிறுத்துங்க சார். திருப்பிப் போடுங்க" என்றார். திருப்பிப் போட்டார்கள். மறுபடியும் திருப்பச் சொன்னார். அப்போது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. என் முகம் பெரிதாக நிற்கிறது. கண்கள் எதிரணிக்காரியின் மட்டையில் இருக்கின்றன, பந்தோடு மேலே ஏறுகின்றன, பந்தோடு இறங்கத் தொடங்குகின்றன. திடீரென்று வலது பக்கம் சாய்கின்றன. ஒரு நொடிகூட இருக்காது. பிறகு பதறித் திரும்புகின்றன. அதற்குள் முகம் விழுந்துவிடுகிறது, பந்து தரையில் என்று அதைப் பார்த்தே தெரிகிறது. அடுத்த ஆட்டத்திலும் அதே. தரையில் விழுந்த அந்த நடுப்பந்துகளுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு என் கண் அசைவதே இல்லை. எனக்கு வலது பக்கம் நிற்பது நங்கை. நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

மாமியார்தான் முதலில் பேசினார். "எம் மருமவ எத்தன மட்டு மருவாதையா இருக்குது பாருங்க" என்றார். அவருக்கு நிஜமாகவே பெருமை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் உப்புப் போடும் முன் அத்தையின் முகத்தைப் பார்ப்பேன். வெளியே கிளம்பும் முன் மாமாவின் முகத்தைப் பார்ப்பேன். ஜவுளிக்கடையில் புடவையைக் கையில் எடுக்கும் முன் நங்கையின் முகத்தைப் பார்ப்பேன். இதையெல்லாம் யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. கல்யாணமாகி வந்த எல்லாரும் செய்வதுதான், அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் மைதானத்தில் இறங்கிவிட்டால் நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நான் யாருக்கும் மருமகள் இல்லை என்று இறுமாந்திருந்தேன். கேசட் அதைப் பொய் என்று காட்டிவிட்டது. அங்கேயும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அனுமதிக்குத்தான் நின்றிருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

நங்கை பின்னாலேயே வந்தார். "ஏன் அம்மணி, நான் என்ன புலியா, சிங்கமா? எதுக்கு எம் மூஞ்சியப் பாக்கறே?"

"தெரியலீங்க நங்கை. பாக்கோணும்னு நெனைக்கறதே இல்லீங்க. கண்ணு தானாப் போயிருது."

"நீ பாக்கறயா, நானும் சரி, நீ எனக்குத்தான் உடறேன்னு நெனச்சு அடியெடுத்து வெக்கறேன். அப்பறம் நீயும் வந்துருவியோன்னு நின்னு போடறேன். அதுக்குள்ள அது உழுந்து போகுது." சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆராய்ச்சிக்காரர் உற்சாகமாகிவிட்டார். தனக்கு வேண்டியது இதுதான், பந்து இல்லாமல் போனதே நல்லது என்றார். அடுத்த வாரமே சில பந்துகளில் சிவப்பு நூலும் நீல நூலும் திட்டுத் திட்டாகத் தைத்துக்கொண்டு வந்தார். அடிக்கும் முன் என்ன நிறம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் கடைசிவரை பந்தைப் பார்த்தே ஆக வேண்டும், கண் வேறெங்கும் போக முடியாது. நான் "செவப்புங்க! நீலமுங்க!" என்று கத்திக் கத்தி அடித்தேன். தனியாக நின்றபோது ஒன்று தவறவில்லை. நங்கை பக்கத்தில் வந்து நின்றதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். நிறத்தையும் சொல்லிவிட்டு, நங்கையையும் பார்த்துவிட்டு, பந்தையும் விட்டேன்.

கடைசியில் நங்கைதான் வழி கண்டுபிடித்தார். "இனிமே நீ எப்பத் திரும்பினாலும் என்ற மூஞ்சி உனக்குக் கெடைக்காது. தாடை மட்டுந்தேன் தெரியும். நான் பந்த அண்ணாந்து பாத்துட்டே நிப்பேன். எத்தன நாளைக்கு நீ தாடைகிட்டக் கேப்பேன்னு பாக்கலாம்" என்றார். சொன்னபடியே செய்தார். நடுவே பந்து வந்தால் நங்கை அசையாமல் அண்ணாந்து நிற்பார். என் கண் போகும், தாடையில் முட்டிக்கொண்டு திரும்பும். ஒன்றும் கிடைக்காத கடைக்கு எத்தனை தடவை போவோம்? கொஞ்சம் கொஞ்சமாகக் கண் அங்கே போவதை நிறுத்திக்கொண்டது. ஆடிக் காற்றிலேயே நடுப்பந்துகளை எடுக்க ஆரம்பித்தேன். ஒரு தடவை என் மட்டை நங்கையின் முழங்கையில் பட்டு வீங்கிவிட்டது. நான் பதறி ஓடினேன். "என்னைய எதுக்குப் பாக்கறே? அடுத்த சர்வீஸ் வருது பாரு" என்று துரத்தினார்.

தீபாவளிக்கு ஜவுளி எடுக்க ஆர்.எஸ்.புரம் போனபோதும் விடவில்லை. ஒரு கிளிப்பச்சைப் புடவையைத் தொட்டுவிட்டு, பழக்கத்தில் நங்கையைப் பார்த்தேன். அவர் கடை ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைப்பையனுக்கு ஒன்றும் புரியாமல் அவனும் ஃபேனைப் பார்த்தான். நான் அந்தப் புடவையையே எடுத்தேன். எனக்குக் கொஞ்சமும் பொருந்தாத நிறம், என் கணவர்கூடச் சிரித்தார். ஆனால் அதைக் கிழியும்வரை கட்டினேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி மேட்டுப்பாளையத்தில் நடந்தது. மலையடிவாரம், அன்று காற்றே இல்லை. மைதானத்துக்குப் பக்கத்து மண்டியில் காயப்போட்டிருந்த பாக்கின் வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இன்று பழி போடக் காற்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் முதல் பஸ்ஸிலேயே வந்து, துண்டை விரித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தேர்வாளர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆராய்ச்சிக்காரர் கோட்டோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எதிரணிக்கு எங்கள் பழைய கதை தெரியும். முதல் சர்வீஸே நடுவில்தான் வந்தது. எடுத்தேன். இரண்டாவதும் அங்கேதான். எடுத்தேன். அவர்களுக்கு நம்பிக்கை போகவில்லை, மாற்றி மாற்றி அங்கேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பந்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மஞ்சளாக ஒன்று வருகிறது, பெரிதாகிறது, மட்டையில் படுகிறது. வேறு உலகமே இல்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. இறுதி ஆட்டத்தில் கடைசியில் தோற்றுத்தான் போனோம், ஆனால் நடுவில் விழுந்த பந்தால் அல்ல.

சாயங்காலம் எல்லா அணிகளையும் வரிசையாக நிற்கச் சொல்லி, மைக்கில் பெயர்களைப் படித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு பெயர். அது என் பெயர். மரத்தடியில் மாமனார் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடாவருடம் தேர்வுக்குப் போய், வருடாவருடம் மாற்று ஆளாக மட்டுமே எடுக்கப்பட்டுத் திரும்பியவர் நங்கை. அதுபற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. நடுவில் வந்ததையெல்லாம் அன்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் பக்கம் பந்து வந்ததே கொஞ்சம்தான். பந்து போகிற இடத்துக்குத்தான் பார்க்கிறவர்கள் கண்ணும் போகும், தேர்வாளர்கள் மட்டும் விதிவிலக்கா? பந்து வராத இடத்தில் அண்ணாந்து நின்ற ஒருத்தியை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். இது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? இத்தனை வருடம் ஆடியவருக்குத் தெரியாமல் இருக்குமா? சந்தோஷமும் அவமானமும் ஒரே நேரத்தில் வந்தன.

மேடைக்கு வரச் சொல்லி மைக்கில் மறுபடியும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எத்தனையோ நாளாக மறந்திருந்த பழக்கம் திரும்பி வந்தது. வலது பக்கம் திரும்பி நங்கையின் முகத்தைத் தேடினேன்.

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை மட்டும்தான் தெரிந்தது. மேலே பந்து எதுவும் இல்லை. நான் கேட்காமலே மேடையை நோக்கி நடந்தேன்.